எதற்கு முதலிடம்? இலங்கை ஜனாதிபதித் தேர்தலும் வாக்காளரின் முன்னுரிமைகளும்

ஒரு நாட்டின் தலைமைப் பதவிக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் வாக்காளரின் முன்னால் எப்போதும் பல பிரச்சினைகள் நிற்கின்றன. அவர் கையில் இருப்பதோ ஒரே வாக்குச்சீட்டு. விலைவாசி, வேலை, பாதுகாப்பு, மொழியுரிமை, காணி, ஊழல், நீதி என்று நீளும் நிரலில் எல்லாவற்றிலும் தமக்கு உடன்பாடான வேட்பாளர் கிடைப்பது அரிது என்பதால், எதை முன்வைத்து எதைப் பின்னால் தள்ளுவது என்ற தெரிவை வாக்காளர் செய்தே ஆக வேண்டியிருக்கிறது. இத்தெரிவு எவ்வாறு செய்யப்பட்டு வந்துள்ளது, எவ்வாறு செய்யப்படுவது தகும் என்பதை, 1982 முதல் 2024 வரை ஒன்பது முறை மக்களின் நேரடி வாக்கால் ஜனாதிபதியைத் தெரிவு செய்துள்ள இலங்கையின் அனுபவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பிரச்சினை வாக்காளரை எவ்வளவு வருத்துகிறது என்பதோடு, அதைத் தீர்க்கவோ பெருக்கவோ வல்ல அதிகாரம் அந்தப் பதவியில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எடைபோட்டால்தான் முன்னுரிமை சரியாக அமையும் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

பதவியின் இயல்பு

முன்னுரிமை பற்றிய எந்த ஆராய்ச்சியும் பதவியிலிருந்தே தொடங்க வேண்டும். 1978 பெப்ரவரி 4 அன்று ஜே. ஆர். ஜயவர்தன முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அம்முறையை நிலைநிறுத்தியது. நிறைவேற்று ஜனாதிபதி என்பவர் அரசின் சடங்கு முறைத் தலைவராக மட்டும் இராமல், அமைச்சரவையின் தலைவராகவும் ஆயுதப் படைகளின் தளபதியாகவும் இருந்து நாட்டை நேரடியாக ஆள்பவர் ஆவார். அமைச்சர்களையும் மாகாண ஆளுநர்களையும் நியமித்தல், அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தல், தண்டனை பெற்றோருக்கு மன்னிப்பு வழங்கல், அரசியலமைப்பு விதிக்கும் காலவரையறைக்கு உட்பட்டுப் பாராளுமன்றத்தைக் கலைத்தல் ஆகியவை அவருடைய அதிகாரங்களுள் முதன்மையானவை.

இவ்வதிகாரங்களின் எல்லை தேர்தலுக்குத் தேர்தல் மாறி வந்திருக்கிறது. உயர் பதவி நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்துவதற்காக 2001இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது. 2010இன் 18ஆவது திருத்தம் அப்பேரவையை அகற்றியதோடு, ஒருவர் இரு தடவைக்கு மேல் பதவி வகிக்கலாகாது என்ற வரம்பையும் நீக்கியது. 2015இன் 19ஆவது திருத்தம் இரண்டையும் மீட்டுப் பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. 2020இன் 20ஆவது திருத்தம் அதிகாரங்களை மறுபடியும் ஜனாதிபதியிடம் குவித்தது. பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் 2022இல் வந்த 21ஆவது திருத்தம் அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. யார் தெரிவு செய்யப்படுகிறார் என்பது மட்டுமன்றி, தெரிவு செய்யப்பட்டவர் அப்பதவியையே எவ்வாறு மாற்றியமைப்பார் என்பதும் வாக்காளரின் கவனத்துக்குரியது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஆய்வாளர்கள் வகுத்த கருத்துகள்

வாக்காளர் எப்பிரச்சினையை முதன்மையாகக் கொள்கிறார் என்ற வினாவுக்கு அரசியல் அறிவியலில் மூன்று விடைகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. முதலாவது, 1957இல் அந்தனி டவுன்ஸ் முன்வைத்தது: வாக்காளர் தமக்கு விளையும் நன்மையைக் கணக்கிட்டு, தம் நிலைப்பாட்டுக்கு மிக அருகில் உள்ள கட்சியைத் தெரிவு செய்கிறார் என்பது அதன் சாரம். இரண்டாவது, வீ. ஓ. கீயும் பின்னர் மொரிஸ் ஃபியோரினாவும் வளர்த்தெடுத்த பின்னோக்கிய வாக்களிப்பு என்னும் கருத்து: வருங்கால வாக்குறுதிகளை அலசுவதிலும் கடந்தகாலச் செயற்பாட்டுக்குப் பரிசோ தண்டனையோ வழங்குவதே வாக்காளருக்கு எளிது, நம்பகமானதும்கூட என்று அது கூறுகிறது. மூன்றாவது, 1963இல் டொனால்ட் ஸ்டோக்ஸ் சுட்டிக்காட்டிய வேறுபாடு: சில பிரச்சினைகளில் மக்கள் எதிரெதிர் நிலைப்பாடுகளில் நிற்கிறார்கள்; வேறு சிலவற்றில் எல்லோரும் ஒரே இலக்கை விரும்பி, அதை எட்டும் திறன் யாருக்கு உண்டு என்பதில் மட்டுமே வேறுபடுகிறார்கள். முன்னதை நிலைப்பாட்டுப் பிரச்சினை என்றும் பின்னதைத் திறன்சார் பிரச்சினை என்றும் அழைக்கலாம்.

இலங்கையைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது வேறுபாடு மிகவும் பயனுள்ளது. ஊழல் ஒழிய வேண்டும், விலை குறைய வேண்டும் என்பதை மறுக்கும் வேட்பாளர் எவரும் இல்லை; அங்கே கேள்வி திறனும் நேர்மையும் பற்றியது. அதிகாரப் பகிர்வு, போர்க்காலக் குற்றங்களுக்கான பொறுப்புக்கூறல், வடக்கு கிழக்கில் இராணுவத்தின் இருப்பு ஆகியவற்றிலோ ஒரு பகுதியினர் வேண்டுவதை இன்னொரு பகுதியினர் அஞ்சுகின்றனர். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட தேர்தலில் வேட்பாளர்கள் பெரும்பாலும் திறன்சார் பிரச்சினைகளை உரத்துப் பேசுவதும், நிலைப்பாட்டுப் பிரச்சினைகளில் ஊருக்கு ஒரு பேச்சாகப் பேசுவதும் இதனாலேயே நிகழ்கின்றன. ஆகவே ஒரு பிரச்சினை மேடையில் எவ்வளவு பேசப்படுகிறது என்பதை அதன் முக்கியத்துவத்துக்கு அளவுகோலாகக் கொள்வது தவறாகும்.

தேர்தல்கள் காட்டும் முன்னுரிமைகள்

1982 ஒக்டோபர் 20இல் நடந்த முதலாவது தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் அளித்த வாக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்திருந்தன. தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம் அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குகளைப் பெற்று முதலிடம் வகித்தார்; எனினும் சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ ஏறத்தாழ 35 விழுக்காட்டைப் பெற்று ஜயவர்தனவை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டச் செய்கையாளர் நல்ல விலை கண்டனர். அக்காலத்தில் விவசாய அமைச்சராக இருந்தவர் கொப்பேகடுவ. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அந்த விலையைச் சரித்தது. இனவுரிமைக் கேள்வி உச்சத்தில் நின்ற வேளையிலும் தோட்ட நிலத்தின் வருமானம் ஒரு பெரும் பகுதியினரின் வாக்கைத் தீர்மானித்ததில் பங்கு கொண்டது என்பதை இப்பெறுபேறு உணர்த்துகிறது. சிறுபான்மை வாக்காளருக்கு ஒரே பிரச்சினைதான் உண்டு என்ற பரவலான எண்ணம் முதல் தேர்தலிலேயே பொய்த்துவிட்டது.

1994இல் சந்திரிகா குமாரதுங்க 62 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற வெற்றி, சமாதானம், நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிப்பு என்னும் இரு வாக்குறுதிகளின் மீது எழுந்தது. சமாதான முயற்சி 1995 ஏப்ரலில் முறிந்து விடுதலைப் புலிகளுடனான போர் மீண்டும் மூண்டது. அவர் பதினொரு ஆண்டுகள் ஆண்டு விலகியபோதும் அம்முறை அப்படியே இருந்தது. அதன் பின்னர் வந்த பல வேட்பாளர்களும் இதே ஒழிப்பு வாக்குறுதியை அளித்திருக்கின்றனர். அதை நிறைவேற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. அம்முறையின் அடிப்படையைத் தொடும் மாற்றங்களுக்கு மக்கள் தீர்ப்பும் தேவைப்படலாம் என்பதை 19ஆவது திருத்தத்தின்போது உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. அதிகாரத்தைக் குறைப்பதாகச் சொல்லி வாக்குக் கேட்பவர், அதை எந்த வழியில், யாருடைய ஆதரவோடு செய்வார் என்று கூறாவிடில், அவ்வாக்குறுதிக்கு எடையிட வழியில்லை.

2005இன் தேர்தல், முன்னுரிமையைத் தாமாகத் தீர்மானிக்கும் வாய்ப்பே மறுக்கப்பட்ட நிலைக்குச் சான்றாகும். விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 விழுக்காட்டினர் மட்டுமே. நாடளாவிய முடிவில் வென்ற மஹிந்த ராஜபக்சவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலான வேறுபாடு 1,80,786 வாக்குகள். வாக்களிக்காமையும் ஒரு தெரிவுதான் என்றும், அதற்கும் விளைவு உண்டு என்றும் அம்முடிவு கற்பித்தது. 2010இல் போரை நடத்திய இராணுவத் தளபதியாகிய சரத் பொன்சேகாவைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரித்ததும், வாக்களித்த வடக்குத் தமிழரில் பெரும்பான்மையோர் அவரைத் தெரிவு செய்ததும் வெளிப்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் பதவியில் இருந்த ராஜபக்சவின் அதிகாரத்தை முறிப்பதே அவர்களுக்கு முதல் பிரச்சினையாக இருந்தது. அதே முன்னுரிமை 2015இல் தெற்கின் ஒரு பகுதியினருடைய முன்னுரிமையோடு இணைந்தபோது மைத்திரிபால சிறிசேன 51.28 விழுக்காட்டுடன் வென்றார்.

2019 நவம்பர் தேர்தல் இந்த ஆராய்ச்சிக்கு மிக வளமான எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களால் பாதுகாப்பே தலையாய பிரச்சினை ஆயிற்று. கோட்டாபய ராஜபக்ச 52.25 விழுக்காட்டுடன் வெற்றி பெற்றார். அவருடைய ஆட்சியைக் கவிழ்த்ததோ பாதுகாப்புக் குறைபாடு அன்று. அவருடைய தேர்தல் விஞ்ஞாபனத்தில் வெளிப்படையாகவே இருந்தும் பலரும் ஊன்றிப் படிக்காத பொருளாதாரப் பகுதியிலிருந்தே அதன் சரிவு தொடங்கியது. பெறுமதி சேர் வரி, அதாவது பொருள்களினதும் சேவைகளினதும் விற்பனை மீது அறவிடப்படும் வரி, 2019 டிசெம்பரில் 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடன் சுமை மிகுந்த அரசின் வருமானம் சரிந்தது. சேதன உரத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவதென்று விஞ்ஞாபனம் கூறியிருக்க, 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் விளைச்சலில் வீழ்ந்தன. பெருந்தொற்றினால் சுற்றுலா வருமானமும் அற்றுப்போக, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியது. அதற்கு முன்னரே, அரகலய என்று அழைக்கப்பட்ட மக்கள் போராட்டத்தின் விளைவாக, ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்திருந்தார்.

ஒரு பிரச்சினையின் பேரொளியில் மற்றவை கண்ணுக்குத் தெரியாமல் போவதன் விலை என்ன என்பதை இது காட்டுகிறது. பாதுகாப்பை முதலில் வைத்தவர்கள் அறிவீனமாக நடந்தார்கள் என்பது பொருளன்று. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின் அச்சம் இயல்பானது. எனினும் ஜனாதிபதியின் கையெழுத்து ஒரே நாளில் வரியையும் உரத்தையும் மாற்ற வல்லது என்ற உண்மையை முன்னுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது பெரும் பிழையாயிற்று.

2024 செப்டெம்பர் 21இல் அதற்கான எதிர்வினை வெளிப்பட்டது. பழைய ஆளும் வட்டத்தைத் தண்டிக்கும் பின்னோக்கிய வாக்கும் ஊழலுக்கு எதிரான சினமும் சேர்ந்து அநுர குமார திசாநாயக்கவை வெற்றிபெறச் செய்தன. அதே தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் நாடளாவிய ரீதியில் 2,26,343 வாக்குகளைப் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில், இன்னொரு முதன்மை வேட்பாளரான சஜித் பிரேமதாசவுக்கு அடுத்த இடத்தில் வந்தார். எட்டு வாரங்களுக்குள் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது. தேசிய அடையாளத்தைப் பதிவு செய்யும் விருப்பும், அன்றாட ஆட்சி சீராக வேண்டும் என்ற விருப்பும் ஒரே மாவட்டத்தில் அருகருகே வாழ்கின்றன என்பதே இதன் பொருள்.

அதிகாரத்தின்படி பிரச்சினைகளை வகுத்தல்

மேற்கண்ட அனுபவத்திலிருந்து ஒரு வகைப்பாடு எழுகிறது. ஜனாதிபதி தனித்தே செய்யக்கூடியவை, பாராளுமன்றத்தின் சாதாரண பெரும்பான்மையோடு செய்யக்கூடியவை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சில வேளைகளில் மக்கள் தீர்ப்பும் வேண்டுபவை என்று பிரச்சினைகளை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கில், படையினர் வசமுள்ள தனியார் காணிகளை விடுவித்தல், நீண்டகாலச் சிறைவாசிகளுக்கு மன்னிப்பு வழங்கல், செயலணிகளை அமைத்தல், ஆளுநர் நியமனம் ஆகியவை அடங்கும். மிருசுவிலில் 2000 டிசெம்பரில் எட்டுப் பொதுமக்களைக் கொலை செய்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த இராணுவச் சார்ஜன்ட் ஒருவர் 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானார். பல ஆண்டுகள் நடந்த வழக்கின் முடிவு ஒரு கையொப்பத்தால் மாறியது. அதே ஆண்டு ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கே உரியதாயிருந்தும், தொடக்கத்தில் அவ்விரு சமூகத்தினரில் ஒருவரும் இடம்பெறவில்லை. இவ்வகைப் பிரச்சினைகளில் வேட்பாளரின் மனப்போக்கே முடிவைத் தீர்மானிப்பதால், அவை ஜனாதிபதித் தேர்தலில் மிகுந்த எடை பெற வேண்டும்.

இரண்டாம் அடுக்கில் பயங்கரவாதத் தடைச் சட்டம், மாகாண சபைத் தேர்தல் ஆகியவை உள்ளன. 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டத்தை நீக்கச் சாதாரண பெரும்பான்மை போதும். 1987இன் 13ஆவது திருத்தத்தால் உருவான மாகாண சபைகளுக்கான தேர்தலும் அத்தகையதே: தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டின் சட்டத்துக்கு இன்றியமையாத எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் மறுத்ததனாலேயே சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி ஆளுநர்களின் கீழ்ச் சென்றன; வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமும் லயன் அறைகளில் வாழும் மலையகக் குடும்பங்களுக்கான காணியுரிமையும் ஏறத்தாழ இவ்வடுக்கைச் சார்ந்தவை. அவற்றில் சட்டத்தோடு தோட்டக் கம்பனிகளுடனான பேரமும் சேர்கிறது. இங்கே வேட்பாளரின் நல்லெண்ணத்தோடு, அவருடைய கட்சி பாராளுமன்றத்தில் எவ்வளவு வலுவுடையது என்பதையும் வாக்காளர் ஆராய வேண்டும்.

மூன்றாம் அடுக்கில் கூட்டாட்சி, புதிய அரசியலமைப்பு, நிறைவேற்று முறை ஒழிப்பு ஆகியவை வருகின்றன. தமிழரின் வரலாற்றில் இவையே ஆழமானவை. ஆயினும் எந்த ஜனாதிபதியும் தனித்து இவற்றைத் தரவல்லவர் அல்லர். இவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இதன் முடிவாகாது. வேட்பாளர் இவற்றுக்குத் தடையாக நிற்பாரா, பெரும்பான்மை மக்களிடம் எடுத்துச் சொல்லும் துணிவு அவருக்கு உண்டா என்பதே இங்கு கேட்கத்தக்க கேள்வி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காலியிலும் அவர் ஒரே சொல்லைப் பேசுகிறாரா என்பது அதற்கான எளிய சோதனை.

மீளமுடியாத தீங்கு

அதிகாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் அளவுகோல், தீங்கை மீட்க முடியுமா என்பது. தவறான வரியைத் திருத்தலாம், தாமதமானாலும். கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் விதி 2021 பெப்ரவரியில் நீக்கப்பட்டபோது, அதற்கு முன் எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் உடல்களை அவர்களுடைய குடும்பத்தினரிடம் எவராலும் திருப்பித் தர முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் விடை காணாமலே பலர் இறந்துவிட்டனர். சாட்சியும் வயதும் காத்திருப்பதில்லை. பொருளாதாரம் மீண்ட பிறகு உரிமைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் இந்த இடத்தில்தான் தளர்கிறது. மறுபுறம், பசியும் காத்திருப்பதில்லை. 2022இல் உணவு குறைந்த வீடுகளில் வளர்ந்த குழந்தையின் உடல்நலக் குறைவும் முழுமையாக ஈடுசெய்யக் கூடியதன்று. ஆகவே உரிமையா சோறா என்று இரண்டாகப் பிரிப்பதைக் காட்டிலும், எத்தரப்பிலும் மீளமுடியாத தீங்கை முதலில் தடுப்பது என்ற நெறியே ஏற்புடையது.

விருப்பு வாக்கின் பயன்

ஒரே வாக்குச்சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முன்னுரிமைகளைப் பதிவு செய்யும் வசதி இலங்கைச் சட்டத்திலேயே உண்டு. மூவருக்கு மேல் போட்டியிடும்போது வாக்காளர் 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில் முதல் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்புகள் எண்ணப்படும். 2024இல் முதன்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. முதல் இருவருக்கும் அன்றிப் பிறருக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றிலிருந்து திசாநாயக்கவுக்கு 1,05,264, பிரேமதாசவுக்கு 1,67,867 என மொத்தம் 2,73,131 விருப்புகளே சேர்ந்தன. ஏனைய சீட்டுகள், அதாவது பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை, இறுதி முடிவில் எந்தப் பங்கும் கொள்ளவில்லை.

முதல் விருப்பால் தம் நெடுங்கால நிலைப்பாட்டைப் பதிவு செய்து, இரண்டாம் விருப்பால் வெல்லக்கூடியவருள் குறைந்த தீங்குடையவரைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இவ்வாறு வீணானது. எந்தப் பிரச்சினைக்கு முதலிடம் என்ற வினாவுக்கு இருவகை விடை தேடும் வாக்காளருக்கு, குறிப்பாகச் சிறுபான்மையினருக்கு, இதனிலும் பொருத்தமான கருவி இல்லை. முதல் விருப்பு மட்டுமே தூய்மையானது, இரண்டாவது விருப்பு கொள்கைச் சமரசம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் எவரேனும் ஒருவர் ஐந்தாண்டுகள் ஆளத்தான் போகிறார்; அவர் யார் என்பதில் கருத்தில்லை என்று சொல்வதும் ஒரு சமரசமே, அதன் பயன் மட்டும் பிறர் கைக்குப் போகிறது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படும் நிரல் பின்வருமாறு அமையும். முதலாவதாக வைக்கத்தக்கது வேட்பாளருக்கு அதிகாரத்தோடு உள்ள உறவு. 2018இல் ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கிப் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புக்கு ஆட்சி பணிந்ததால் நாடு பெருங்குழப்பத்திலிருந்து தப்பியது. நீதிமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் கட்டுப்படாத ஒருவரிடம் நல்ல பொருளாதாரத் திட்டம் இருந்தாலும், அது பிழைக்கும்போது திருத்துவதற்கு வழி இராது. இரண்டாவதாக வைக்கத்தக்கவை, ஜனாதிபதியின் கையெழுத்தாலேயே மீளமுடியாத தீங்கோ உடனடி நிவாரணமோ விளையக்கூடிய பிரச்சினைகள். மூன்றாவது, பொருளாதார முகாமையின் திறன். அதை மேடைப் பேச்சால் அல்லாமல், விஞ்ஞாபனத்தின் கணக்காலும் கடந்தகாலச் செயலாலும் அளக்க வேண்டும். நான்காவது, அரசியலமைப்பு மாற்றம் வேண்டும் நெடுங்காலக் கோரிக்கைகள். இவற்றுக்கான களம் ஜனாதிபதித் தேர்தலோடு முடிவதில்லை, பாராளுமன்றத் தேர்தலிலும் தொடர்கிறது.

சாதாரண குடும்பங்களுக்கு விலைவாசியே முதல், அதிகார வரம்பு என்பது படித்தவர்களின் கவலை என்ற மறுப்பு இந்நிரலுக்கு எதிராக எழக்கூடும். இலங்கையின் அண்மைய வரலாறு அதற்கு நேரான விடையைத் தருகிறது. உரத்தடை வயலுக்கு வந்ததும் வரிக்குறைப்பு எரிவாயு வரிசையாக மாறியதும், கேள்வி கேட்பார் இன்றி ஒருவர் முடிவெடுக்கக்கூடிய நிலை இருந்ததனால்தான். அதிகாரத்தின் வரம்பு சமையலறைக்கு அப்பாற்பட்ட தத்துவமன்று. அரிசியின் விலையையும் காணியின் உரிமையையும் காவலில் உள்ள மகனின் கதியையும் ஒருசேரத் தீர்மானிப்பது அதுவே. எனவே அடுத்த ஜனாதிபதித் தேர்தலில், என்ன தருவீர்கள் என்று வேட்பாளரைக் கேட்கும் முன், தவறு செய்தால் உங்களைத் தடுக்க யாருக்கு இடமளிப்பீர்கள் என்று கேட்பதே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் என எல்லா வாக்காளருக்கும் பொதுவான முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.